பனிக்காலத்தில் வீட்டுக்குள் கறிவேப்பிலை: நூறு டொலருக்குள் ஒரு தோட்டம்

ரொறன்ரோவில் டிசெம்பர் 21 ஆம் திகதி பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அதிலும் பாதி நாள் மேகம். ஊரில் கிணற்றடியில் கேட்பாரற்று வளர்ந்த கறிவேப்பிலை, இங்கே ஸ்காபரோ வீடொன்றின் யன்னலோரத்தில் நவம்பரில் இலை உதிர்த்து, ஜனவரியில் குச்சியாகி, மார்ச்சில் குப்பைக்குப் போகிறது. குளிர்தான் கொன்றது என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குள் 20 பாகை வெப்பம் இருக்கிறது. குளிர் எங்கிருந்து வந்தது? செடிக்கு வெளிச்சம் போதவில்லை. வெளிச்சம் இல்லாத செடி தண்ணீரைக் குடிப்பதில்லை. பாவம் வாடுகிறதே என்று நாம் மேலும் மேலும் ஊற்ற, வேர் அழுகுகிறது.

ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் வெளிச்சத்துக்குச் செலவழியுங்கள். மற்ற எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் பண்ணலாம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் வீட்டுக்குள் வளர்த்துப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்க் கடையில் கொத்தமல்லிக் கட்டு மலிவு. கறிவேப்பிலை, உறைப்பு மிளகாய், வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றில்தான் முதலீடு திரும்பி வரும். இவை பனிக்காலத்தில் கடையில் விலை ஏறும், அல்லது வாடி வதங்கி வரும். கீரை வகைகளை விதைப்பது கைபழகுவதற்காக. மூன்று வாரத்தில் பலன் தெரியும் ஒன்று பக்கத்தில் இருந்தால், மெதுவாக வளரும் கறிவேப்பிலையோடு பொறுமையாக இருக்க முடியும்.

இடம் பார்ப்பது

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். நிலக்கீழ்த் தளம் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல இடம். கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. ஆனால் அங்கே சீமெந்துத் தரை சில்லிட்டிருக்கும். சாடியை நேரே தரையில் வைத்தால் மேலே 20 பாகை இருந்தாலும் வேருக்கு 14, 15 பாகைதான் கிடைக்கும். ஒரு பலகைத் துண்டோ ரெஜிபோம் துண்டோ அடியில் கொடுங்கள். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் யன்னலோரத்தைத் தேடுவார்கள். தெற்கு யன்னல் என்றால் சரி, பகலில் ஓசி வெளிச்சம் கிடைக்கும். ஆனால் இலை கண்ணாடியில் முட்டக்கூடாது. பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகை அடிக்கும் இரவில் கண்ணாடியைத் தொடும் இலை மறுநாள் கறுத்துவிடும். ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்கு மேலே எந்தச் செடியையும் வைக்கவேண்டாம். கனடாவில் கறிவேப்பிலையைக் கொல்ல அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நிலக்கீழ் அறையில் இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது. கூட்டாட்சிச் சட்டப்படி வீடொன்றுக்கு நான்கு செடி வளர்க்கலாம். அதனால் பொலிஸ் வராது. ஆனால் மின்கட்டணத்தை வாடகையோடு சேர்த்துக் கொடுக்கும் வீட்டுக்காரர் வருவார். அந்தச் சட்டத்தால் நமக்கு ஒரு மறைமுக லாபமும் உண்டு. ஆசைக்கு வளர்க்கத் தொடங்கி அலுத்துப்போனவர்கள் விளக்கு, வளர்ப்புக் கூடாரம், மின்விசிறி எல்லாவற்றையும் பாவித்த பொருள் விற்கும் இணையத்தளங்களில் அரைவிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கினால் வீட்டுக்குள் கொண்டுவரமுன் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகத் துடையுங்கள். பழைய கூடாரத்தின் தையல் மடிப்புகளில், இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் ஒளிந்திருக்கும்.

விளக்கு வாங்குவது

ஊதா நிறத்தில் எரியும் ‘செடி விளக்கு’ என்று பெட்டியில் எழுதியதைக் கண்டு மயங்காதீர்கள். வெள்ளை எல்.ஈ.டி விளக்கில் செடிக்கு வேண்டிய எல்லா நிறமும் இருக்கிறது. மேலும் வெள்ளை வெளிச்சத்தில்தான் இலையின் உண்மையான நிறம் தெரியும்; மஞ்சளித்தால் உடனே கண்ணில் படும். கராஜில் மாட்டும் நான்கடி நீள எல்.ஈ.டி விளக்கு இந்த வேலைக்குக் கச்சிதம். வன்பொருள் கடைகளில் 25 முதல் 40 டொலருக்குள் கிடைக்கும், மலிவு விற்பனையில் இன்னும் குறையும்.

பெட்டியில் மூன்றைப் பாருங்கள். முதலாவது லூமென், அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. 4,000க்குக் குறைந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ‘100 வாற்றுக்குச் சமம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பழைய மின்குமிழோடு ஒப்பிட்டுச் சொல்வது, நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது கெல்வின், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்: 4,000 முதல் 6,500 வரை எதுவும் சரி. மூன்றாவது பாதுகாப்பு முத்திரை. ஒன்ராறியோவில் விற்கும் மின்சாதனத்தில் சி.எஸ்.ஏ (CSA) அல்லது அதற்கு ஒப்பான அங்கீகார முத்திரை இருக்கவேண்டும். இணையத்தில் பத்து டொலருக்கு வரும் பெயரில்லாத விளக்கில் அது இருக்காது. தண்ணீர் தெளிக்கும் இடத்தில், ஆள் தூங்கும்போது பன்னிரண்டு மணி நேரம் எரியப்போகும் சாமான் இது. இந்த இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மாட்டும்போது சங்கிலியில் தொங்கவிடுங்கள், செடி வளர வளர உயர்த்தலாம். எல்.ஈ.டி அதிகம் சுடாது என்பதால் நாற்றுக்கு மேலே ஐந்து ஆறு அங்குலத்தில் வைக்கலாம். வளர்ந்த செடிக்கு எட்டு முதல் பத்து அங்குலம். இரண்டடி உயரத்தில் மாட்டிவிட்டு ‘விளக்குப் போட்டும் வளரவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். கண்ணுக்கு அறை பிரகாசமாகத்தான் தெரியும். கண்ணை நம்பக்கூடாது, அது எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும்.

அளந்து பார்க்கலாம். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை ‘லக்ஸ்’ கணக்கில் காட்டும் ‘லக்ஸ் மீற்றர்’ செயலி கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும். துல்லியமாக இருக்காது, ஆனால் ஒப்பிடப் போதும். தொலைபேசியைச் செடியின் நுனி இருக்கும் உயரத்தில், விளக்கைப் பார்க்க வைத்து அளவுங்கள். மேகமூட்டமான ஜனவரிப் பகலில் யன்னலுக்கு ஒரு மீற்றர் உள்ளே வைத்தால் சில நூறு லக்ஸ்தான் காட்டும். கீரைக்கும் நாற்றுக்கும் 10,000 லக்ஸ் வேண்டும். கறிவேப்பிலை பனிக்காலத்தைத் தாண்ட அதே அளவு போதும். மிளகாய் காய்க்கவேண்டுமென்றால் 20,000 லக்ஸ். அதற்கு இரண்டு விளக்கைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டவேண்டும்.

சுற்றிவர வெள்ளை அட்டை நிறுத்தினால் ஓரத்தில் வீணாகும் வெளிச்சம் திரும்பி வரும். டொலர் கடையில் விற்கும் வெள்ளைப் போம் அட்டை நல்லது. சமையலறை அலுமினியத் தாள் வேண்டாம். அது கசங்கினால் வெளிச்சம் கண்டபாட்டுக்குச் சிதறும், மின்கம்பிக்குப் பக்கத்தில் உலோகத் தாளைத் தொங்கவிடுவதும் நல்லதல்ல.

அடுத்தது ரைமர். பத்துப் பன்னிரண்டு டொலர். இது இல்லாமல் தொடங்கவேண்டாம். கையால் போட்டு அணைப்பேன் என்பது முதல் வாரம் நடக்கும், இரண்டாம் வாரம் நடக்காது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம். 40 வாற் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் 0.56 யூனிட், மாதத்துக்குச் சுமார் 17 யூனிட். யூனிட்டுக்கு 15 சதம் என்று கணக்குப் போட்டால் மாதச் செலவு இரண்டரை டொலர்தான். நேரத்துக்கு ஏற்ப மாறும் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வார நாளில் மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு. யன்னலோரச் செடிக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரமே போதும், பகலில் யன்னல் பார்த்துக்கொள்ளும். ஆனால் முழுநாளும் விட்டுவைக்காதீர்கள். வெளிச்ச நேரம் கூடினால் கொத்தமல்லி சீக்கிரம் பூவெடுத்துவிடும்.

கம்பி விஷயத்தில் ஒரு சிறிய பழக்கம்: ரைமருக்குப் போகும் வயர் மின்செருகியைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிச் செருகியில் சேரட்டும். தப்பித்தவறி வயர் வழியாகத் தண்ணீர் வழிந்தால் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், செருகிக்குள் போகாது.

மண்ணும் சாடியும்

வீட்டுப் பின்புறத்தில் கிண்டிய மண்ணை உள்ளே கொண்டுவரவேண்டாம். சாடிக்குள் அது இறுகிக் கல்லாகும், பூச்சியின் முட்டையும் கூடவே வரும். கடையில் விற்கும் சாடி மண் கலவை இரண்டு பங்கு, பேர்லைற் ஒரு பங்கு. பேர்லைற் என்பது எரிமலைக் கல்லைச் சுட்டுப் பொரித்த வெள்ளைத் துகள்; மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். கொட்டும்போது தூசி பறக்கும், முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு அளவுங்கள். மலிவாக வேண்டுமென்றால் தும்புச்சோற்றுக் கட்டி வாங்கலாம். ஊரில் ஆலைக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த அதே தும்புச்சோறு, அமுக்கிச் செங்கல் வடிவில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்து நம்மிடமே காசு வாங்குகிறது. 650 கிராம் கட்டி தண்ணீரில் ஊறினால் எட்டு லீற்றருக்கு மேல் வரும். ஆனால் அதில் சத்து ஒன்றும் இல்லை. பாதிக்குப் பாதி சாடி மண்ணோடு கலக்கவேண்டும்.

சாடிக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. தயிர் டப்பா நாற்றுக்கு, ஐஸ்கிறீம் வாளி புதினாவுக்கு, உணவகத்தில் ஊறுகாயோ எண்ணெயோ வந்த பெரிய வாளி மிளகாய்க்கு. கேட்டால் கொடுப்பார்கள். அடியில் துளை மட்டும் தாராளமாகப் போடுங்கள், பெரிய வாளிக்கு எட்டுத் துளையாவது. ஆணியைச் சுடவைத்துக் குத்துவதைவிடத் துளைகருவி நல்லது. உருகும் பிளாஸ்ரிக் புகை மூடிய அறைக்குள் ஆகாது. துளை இல்லாத அழகான பீங்கான் சாடியில் நட்டு, அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது தப்பு. வடிந்த தண்ணீர் கல்லுக்குள் நின்று, அதற்கு மேலுள்ள மண் ஊறிக்கொண்டே இருக்கும்.

முதல் மாதம்: கைபழகும் பயிர்

முதலில் வெந்தயம். சமையலறைப் போத்தலில் இருப்பதே போதும், தனி விதை வாங்கவேண்டாம். ஒரு கைப்பிடியை இரவு முழுவதும் ஊறவையுங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள தட்டில் மண்ணை ஈரமாக்கி, விதையை நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண் போர்வை. மூன்று நாளில் முளைக்கும். மூன்று வாரத்தில் கத்தரியால் வெட்டிப் பருப்பில் போடலாம். வேருக்கு மேலே இரண்டு கணு விட்டு வெட்டினால் சிலவேளை இரண்டாம் தரமும் துளிர்க்கும். அது முதல் தடவைபோல வராது.

கொத்தமல்லிக்குக் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. நாம் விதை என்று நினைப்பது இரண்டு விதையைக் கொண்ட ஒரு காய். சப்பாத்திக் கட்டையை மெதுவாக உருட்டி அதை இரண்டாகப் பிளந்து, ஊறவைத்துப் போடுங்கள். முளைக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் எடுக்கும். பத்து நாளாகியும் காணோம் என்று கிளறிவிடாதீர்கள். வறுத்த மல்லி முளைக்காது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 18 பாகையளவில் குளிர்ந்திருக்கும் நிலக்கீழ்த் தளம் அதற்கு மிகவும் பிடிக்கும்.

புதினா, பொன்னாங்காணி, வல்லாரை மூன்றும் விதையில்லாமல் வரும். கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்தபின் தடித்த தண்டுகளை எறியாமல் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீர்க் குவளையில் நிறுத்துங்கள். தண்ணீருக்குள் இலை இருக்கக்கூடாது, இரண்டு நாளுக்கொரு தரம் தண்ணீரை மாற்றவேண்டும். ஒன்றரை வாரத்துக்குள் வெள்ளை வேர் நூல்நூலாக இறங்கும். ஓர் அங்குல நீளமானதும் மண்ணுக்கு மாற்றலாம். வல்லாரையில் மட்டும் வேரோடு கூடிய கொடித்துண்டைத் தேடி எடுங்கள், வெறும் இலைத்தண்டு வேர் விடாது. வல்லாரை ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் ஈரமான காலோடு நிற்க விரும்பும். அதன் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் பரவாயில்லை. சம்பலுக்கு ஒரு நாள் போதுமான இலை வர இரண்டு மூன்று மாதமாகும்.

மிளகாய்

பழுத்த சிவப்பு மிளகாயிலிருந்து விதை எடுங்கள். பச்சை மிளகாய் விதை முற்றியிருக்காது. செத்தல் மிளகாய் விதை சிலது முளைக்கும், வெயிலில் காய்ந்ததா சூட்டில் காய்ந்ததா என்பதைப் பொறுத்தது. முளைக்க 25 முதல் 30 பாகை வேண்டும். நம் வீட்டு 20 பாகையில் அது வாரக்கணக்கில் தூங்கும். வெப்பப் பாய் வாங்காமல், ஈரமான காகிதத் துவாலையில் விதையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேலேயோ இணைய மோடத்தின் மேலேயோ வையுங்கள். வால் வெளியே வந்ததும் மண்ணில் நட்டு, அன்றைக்கே விளக்கின் கீழ் வைக்கவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டு சரிந்துவிடும்.

கோடையில் வெளியே வைக்க நினைப்பவர்கள் பெப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் விதைக்கவேண்டும். வீட்டுக்குள்ளேயே காய்க்கவைக்க நினைத்தால் எப்போதும் தொடங்கலாம். பத்து லீற்றர் வாளி, இரண்டு விளக்கு, விதைத்து நான்கு மாதமளவு பொறுமை. வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. பூத்ததும் தினமும் மத்தியானத்தில் கொப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் மகரந்தம் தானே கொட்டும். சிறிய மின்விசிறியைத் தள்ளி வைத்து மெதுவாக ஓடவிட்டால் அந்த வேலையையும் செய்யும், தண்டையும் உறுதியாக்கும்.

கறிவேப்பிலை

கன்று எங்கே எடுப்பது? கோடையில் தமிழ்க் கடைகளிலும் சில நாற்றுப்பண்ணைகளிலும் விற்பனைக்கு வரும். பெரிய மரம் வைத்திருக்கும் உறவினர் இருந்தால் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைக் கேட்டு வாங்கலாம். கடையில் வாங்கிய கறிவேப்பிலை நெட்டைத் தண்ணீரில் வைத்து வேர்விடச் செய்யலாம் என்ற காணொளிகளை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். விதை என்றால் கறுத்துப் பழுத்த பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி உடனே ஊன்றவேண்டும். சில வாரம் காய்ந்தால் உயிர் போய்விடும், ஆகவே இணையத்தில் விற்கும் காய்ந்த விதைப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து பெட்டிக்குள் கன்றை மறைத்துக் கொண்டுவரும் வேலையும் வேண்டாம். அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாத கன்றையும், அதன் வேரில் ஒட்டிய மண்ணையும் விமானநிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை இனத் தோட்டங்களை அழிக்கும் நோயைக் காவும் சிறுபூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்க எல்லையில் இன்னும் கடுமை. காரில் பஃபலோ பக்கம் போகும்போது மாமிக்கு என்று ஒரு சாடியை ஏற்றவேண்டாம்.

கன்று கோடை முழுவதும் வெளியே நிற்கட்டும். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கும் செப்டெம்பர் பிற்பகுதியில் உள்ளே எடுக்கவேண்டும். உறைபனி விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். உள்ளே எடுக்கும் நாளன்று குளியலறைக்குக் கொண்டுபோய், சாடியின் வாயைப் பிளாஸ்ரிக் பையால் கட்டி, செடியைச் சரித்துப் பிடித்து, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கமும் படும்படி கைக்குழாயால் அடியுங்கள். தண்டில் சிறிய மண்ணிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டையின் பகுதி என்றால் வராது. கழன்று வந்து விரலில் பிசுபிசுத்தால் அது செதில்பூச்சி. பழைய பல்துலக்கியால் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து எடுக்கவேண்டும். பிறகு கடையில் விற்கும் பூச்சிகொல்லிச் சவர்க்காரத்தை ஒரு தரம், பத்து நாள் கழித்து இன்னொரு தரம் தெளியுங்கள்.

உள்ளே வந்த இரண்டு மூன்று வாரத்தில் இலை மஞ்சளித்துக் கொட்டும். பயப்படவேண்டாம். வெயிலில் வளர்ந்த இலைக்கு விளக்கின் வெளிச்சம் கட்டுப்படியாகாது, அதை உதிர்த்துவிட்டுப் புது இலை விடப் பார்க்கும். இந்தச் சமயத்தில்தான் பலரும் தண்ணீரும் பசளையும் கொண்டு ஓடிவருகிறார்கள். ஒன்றும் செய்யாதீர்கள். எல்லா இலையும் கொட்டி வெறும் குச்சி நின்றாலும் எறியவேண்டாம். தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் கீழே கீழே கீறிக்கொண்டு வந்து, பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மார்ச்சில் அங்கிருந்து துளிர் வரும்.

தண்ணீர்: கிழமைக்கு எத்தனை தரம் என்று கேட்கக்கூடாது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். விடும்போது அடித்துளையால் ஒழுகும்வரை நன்றாக விட்டு, தட்டில் தேங்கியதை அரைமணியில் ஊற்றிவிடவேண்டும். தண்ணீர் விட்டவுடன் சாடியைத் தூக்கிப் பாருங்கள், நான்கு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பாரம் கைக்குப் பழகிவிட்டால் விரலைக்கூட விடவேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீரை இரவு முழுவதும் திறந்துவைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று ஊர்ப்பழக்கத்தில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோ நகரம் தண்ணீரில் சேர்ப்பது குளோரமைன். அது அப்படி லேசில் பறக்காது. பறக்காவிட்டாலும் குழாயில் வரும் அளவு செடியைப் பாதிப்பதில்லை, நேரே ஊற்றலாம். அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று வைத்தால் அது நியாயம், ஏனென்றால் ஜனவரியில் குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும். கிச்சினர், வாட்டர்லூ பக்கம் இருப்பவர்களுக்கு வேறொரு கவலை. அங்கே நிலத்தடி நீர் மிகவும் கடினமானது, வீட்டுக்கு வீடு மென்னீராக்கி பூட்டியிருப்பார்கள். உப்புப் போட்டு மென்மையாக்கிய தண்ணீரில் சோடியம் கூடும். சாடிச் செடிக்கு அது நஞ்சு. அந்தக் கருவியைச் சுற்றிப் போகும் குழாயிலிருந்து, பெரும்பாலும் வெளித்தோட்டத்துக்குப் போகும் குழாய் அது, தண்ணீர் பிடிக்கவேண்டும்.

புதுத் துளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. நம் ஏரித் தண்ணீர் சற்றுக் காரத்தன்மை உள்ளது, மாதக்கணக்கில் விட விட மண்ணும் காரமாகி, வேரால் இரும்பை எடுக்க முடியாமல் போகிறது. ஊரில் மோர் ஊற்றியதன் நியாயம் இந்தப் புளிப்புத்தான். ஆனால் மூடிய வீட்டுக்குள் மோர் ஊற்றினால் நாற்றமும் ஈயும் வரும். அசேலியா, புளூபெரி செடிகளுக்கென்று விற்கும் அமிலப் பசளையை மார்ச்சில் தொடங்கி, சொல்லியிருப்பதில் அரைவாசி அளவு, மாதத்துக்கு இரண்டு தரம் கொடுங்கள். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை கறிவேப்பிலைக்கு ஒன்றும் வேண்டாம். மற்றச் செடிகளுக்குச் சாதாரண 20-20-20 (நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள) பசளைப் பொடியைக் கால்வாசிப் பலத்தில் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் விட்டால் போதும்.

சமையலுக்குப் பறிக்கும் விதத்தில்தான் செடி புதராகுமா தென்னை மாதிரி நெட்டையாகுமா என்பது தீர்மானமாகும். கீழிலையை உருவாதீர்கள். கொப்பு நுனியை இரண்டு மூன்று நெட்டோடு சேர்த்துக் கத்தரியால் வெட்டுங்கள், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கொப்பு கிளம்பும். பூமொட்டுக் கண்டால் கிள்ளிவிடவேண்டும். ஓர் ஆண்டுக்குட்பட்ட கன்றில் ஆசைப்பட்டுக் கை வைக்கவேண்டாம்.

வீட்டுக்குள் வரும் பூச்சி

மண்ணுக்கு மேல் பறக்கும் சிறிய கறுப்புக் கொசு எல்லோர் வீட்டிலும் வரும். கடிக்காது, புழு ஈரமண்ணில் வளரும். மேல் ஓரங்குலம் காயவிட்டுத் தண்ணீர் விட்டால் பாதி ஒழியும், டொலர் கடை மஞ்சள் ஒட்டட்டை மீதியைப் பிடிக்கும். சிலந்திப்பேன்தான் ஆபத்தானது. ஹீற்றர் ஓடும் வீட்டின் வறண்ட காற்று அதற்குச் சொர்க்கம். இலையில் ஊசிமுனை அளவு வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், வெள்ளைத் தாளொன்றை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் அன்றைக்கே செடியைத் தனிமைப்படுத்திக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். கிழமைக்கு ஒரு தரம் இலையடியைக் கழுவுவது ஒன்றே இதற்கு மலிவான மருந்து. கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பதால் ஈரப்பதன் கூடும் என்பது பெரும்பாலும் மனத்திருப்திதான்.

செலவு

விளக்கு 30, ரைமர் 12, சாடி மண் 15, பேர்லைற் 10, பசளை 10, பூச்சிகொல்லிச் சவர்க்காரம் 10. சங்கிலியும் அட்டையும் டொலர் கடையில் 6. மொத்தம் 93 டொலர். கன்றின் விலை தனி. கடைக்குக் கடை கூடிக் குறையும். மிளகாய்க்கு இரண்டாவது விளக்கை அடுத்த ஆண்டு வாங்கலாம். மண்ணின் புளிப்பை அளக்கும் பி.எச் மீற்றர், ஈரப்பதமூட்டி, வெப்பப் பாய், ‘வேர் ஊக்கி’ எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை. இறாக்கை வேண்டுமென்றால் மாதக் கடைசியில் மாடிக் கட்டடங்களின் பின்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள், வீடு மாறுபவர்கள் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மீண்டும் வெளியே

மே மாதத்து விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்ததும் வெளியே எடுக்கலாம் என்பது ரொறன்ரோத் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் அதற்குப் பிறகும் ஒரு கிழமை பொறுப்பது நல்லது. உறைபனி நின்றுவிட்டால் மட்டும் போதாது, இரவு வெப்பம் 10 பாகைக்கு மேல் நிலைக்கவேண்டும். விளக்கின் கீழ் எட்டு மாதம் இருந்த இலையை நேரே வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் வெளுத்துக் காய்ந்துவிடும். முதல் இரண்டு நாள் வாசல் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயிலில் இரண்டு மணி நேரம், இப்படிப் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். பலத்த காற்று அடிக்கும் நாளில் எடுக்கவேண்டாம். சாடி மாற்றுவதும் இந்தக் காலத்தில்தான்: நான்கு லீற்றரில் இருந்ததை எட்டு லீற்றருக்கு. ஒரேயடியாக இருபது லீற்றர் வாளிக்குப் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து பழைய வியாதி திரும்பும். வேர்ப்பந்தைச் சுற்றிவர இரண்டு விரல் அகலம் புதுமண் இருந்தால் போதும்.